மாவேலிக்கு ஒரு நாற்காலி

1

ஊர்விட்டுப் போனவர்கள் எழுதும் குறிப்புகளில் விமானம் வரும், பனி வரும், விசா வரும். என்னுடையதில் அதெல்லாம் கிடையாது. கோவில்பட்டியிலிருந்து கிளம்பி, செங்கோட்டையைத் தாண்டி, கொச்சிக்கு வந்து, மட்டாஞ்சேரியில் ஒரு வேலை கிடைத்து, அப்படியே தங்கிவிட்டவன் நான். பாஸ்போர்ட் இல்லாமல் புலம்பெயர்ந்தவன் என்பதால் ஊரில் யாரும் என்னை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. துபாயிலிருந்து என் சித்தப்பா மகன் வந்தால் தெருவே திரண்டு போய் விசாரிக்கும். நான் போனால் நேந்திரம் சிப்ஸ் வந்திருக்கிறதா என்று பையை மட்டும் எட்டிப் பார்ப்பார்கள்.

ஆனாலும் துபாய்க்காரனுக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்தது. வருடத்துக்கு ஒரு நாள் நான் ராஜாவாக இருந்தேன். சும்மா ராஜா இல்லை, மகாபலிச் சக்கரவர்த்தி. மலையாளிகளின் மாவேலி. ஓணத்தன்று தன் மக்களைப் பார்க்கப் பாதாளத்திலிருந்து வருகிறாரே, அவர்தான். கேரளத்தில் எந்த ஆபீஸாக இருந்தாலும் ஓணக் கொண்டாட்டத்துக்கு ஒரு மாவேலி வேண்டும். அதற்குத் தேவையான தகுதிகள் இரண்டு: தொப்பை, மீசை. நான் சேர்ந்த முதல் வருடமே என்னைப் பார்த்ததும் ஆபீஸே முடிவு செய்துவிட்டது. என் மனைவி மல்லிகா மட்டும் இன்றுவரை ஒத்துக்கொண்டதில்லை. குடித்த டம்ளரை எடுத்துவைக்கத் தெரியாத ராஜாவை எந்த நாட்டிலும் பார்த்ததில்லை என்பாள்.

போன வாரம் வித்யா போன் செய்தாள். என் பழைய ஆபீஸில் எச்.ஆர். பிரிவைப் பார்த்துக்கொள்பவள். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், தேவராவில் வீடு.

"மணி அண்ணா, சுகந்தானே? ஓணம் பரிபாடி வர்றது. இந்த வருஷமும் நீங்கதான் மாவேலி ட்டோ" என்றாள்.

என்னை வேலையைவிட்டு அனுப்பி ஒரு வருடம் ஆகிறதே அம்மா என்றேன்.

"அது வேற, இது வேற அண்ணா. அந்த டிரஸ் வேற யாருக்கும் சேரலை."

வேலைக்குத் தேவைப்படாத உடம்பு உடுப்புக்குத் தேவைப்படுகிறது என்பது புரிந்தது. ஆனால் சும்மா வந்து ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போக முடியாதாம். வெளியாட்கள் யாராக இருந்தாலும் கம்பெனி போர்ட்டலில் வெண்டராகப் பதிவு செய்ய வேண்டுமாம். தொழிலின் தன்மை என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். பேரரசர் என்று போடலாமா என்று கேட்டேன். அந்தப் பட்டியலில் பேரரசர் இல்லை, கேட்டரிங் என்று போடுங்கோ, அதுதான் சீக்கிரம் அப்ரூவ் ஆகும் என்றாள் வித்யா. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

யோசிக்க உட்கார்ந்தால் போன வருடத்து ஓணம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

2

எங்கள் கம்பெனி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், முன்வாசல் தெருவுக்கும் பின்வாசல் காயலுக்குமாக இருக்கும் ஒரு பழைய கிடங்கில் இருந்தது. மிளகு, சுக்கு, ஏலம், ஜாதிக்காய். வாங்குவோம், சலிப்போம், மூட்டை கட்டுவோம், கப்பலேற்றுவோம். நான் ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்த்துக்கொண்டேன். முதலாளி ஒரு குஜராத்தி, அவர் அப்பா காலத்திலிருந்தே மட்டாஞ்சேரிக்காரர்கள். நாங்கள் பெரிய சேட்டு என்போம்.

ஓணத்தன்று அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. வேறெங்கும் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. ஓலைக்குடையும் கிரீடமுமாக மாவேலி ஒவ்வொரு மேஜையாகப் போய் எல்லாருக்கும் சுகந்தானே என்று விசாரிப்பார். கடைசியாக முதலாளி அறைக்குப் போவார். சேட்டு எழுந்து தன் நாற்காலியை விட்டுக் கொடுப்பார். பிரம்பு பின்னிய பெரிய தேக்கு நாற்காலி. சாப்பாடு முடியும்வரை மாவேலிதான் அதில் உட்கார்ந்திருப்பார். அப்படி உட்கார்ந்ததும் தன் மக்களுக்காக ஒன்று கேட்கலாம். சேட்டு மறுக்கக் கூடாது. கேட்பது பொதுவானதாக இருக்க வேண்டும், மாவேலி தனக்காகக் கேட்கக் கூடாது. இதுதான் முறை.

சேட்டை வள்ளல் என்று நினைத்துவிட வேண்டாம். ஓணத்துக்கு முந்தின நாளே அவருடைய கணக்குப்பிள்ளை வந்து, இந்த வருடம் மாவேலி எந்த அளவுக்குள் கேட்டால் நன்றாக இருக்கும் என்று காதோடு சொல்லிவிட்டுப் போவார். ஒரு வருடம் சலிப்புக் கூடத்துக்கு மின்விசிறி கேட்டேன். தந்தேன் என்றார் பெரிதாக. அது வந்து சேர அடுத்த ஓணம் ஆகிவிட்டது. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கேட்ட வருடம், அவர் கணக்குப்பிள்ளையைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் கட்டிக் கொடுத்தார். கேட்டால் ஏதோ ஒன்று நடக்கும் என்ற அந்தப் பழக்கம் எங்களைக் கெடுத்துவைத்திருந்தது.

3

சேட்டுக்குப் பிறகு பொறுப்புக்கு வந்த அவர் மகன்களுக்கு மிளகு பிடிக்கவில்லை. கம்பெனியை வடக்கே உள்ள ஒரு பெரிய குழுமத்துக்கு விற்றுவிட்டார்கள்.

புது நிர்வாகம் வந்ததும் எங்களை உட்காரவைத்து ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். படத்தில் ஓர் அம்பு இடப்பக்கம் கீழே புறப்பட்டு வலப்பக்கம் மேலே போனது. அதுதான் வளர்ச்சித் திட்டம். மிளகை மூட்டையாக விற்பது பழைய காலம், இனி இல்லத்தரசிகள் செல்போனில் தட்டினால் மிளகு வீட்டுக்கு வரும் என்றார்கள். மிளகு தீர்ந்தால் தெருமுனைக் கடைக்குப் பிள்ளையை அனுப்பும் ஊரில் இதை யார் தட்டுவார்கள் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். கடைசியில் ஆபீஸில் நாங்களே ஆளுக்கு ஒரு பாக்கெட் தட்டினோம். செல்போன் பிரிவு மூடப்பட்டது. அதில் இருந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்து ஆரோக்கியம். சுக்கை மாத்திரையாக்கி விற்கப் போகிறோம் என்றார்கள். அதே அம்பு, நிறம் மட்டும் பச்சை. சுக்கு பழையபடி சுக்காகவே இருந்தது, ஆட்கள் குறைந்தார்கள். அதற்கடுத்து அனுபவ மையம். சலிப்புக் கூடத்தைக் காலி செய்து, விளக்குப் போட்டு, மூட்டைகளை அழகாக அடுக்கி, சுற்றுலாப் பயணிகள் டிக்கெட் எடுத்து உள்ளே வந்து மிளகை முகர்ந்து பார்க்கலாம் என்றார்கள். பக்கத்துக் கடைகளில் சும்மாவே முகரலாம். மூட்டைகளுக்குள் மரத்தூள்தான் இருந்தது, மிளகு விலை ஏறிவிட்டதாம்.

ஒவ்வொரு அம்பும் மேலே போகும்போது ஒரு வரிசை ஆட்கள் கீழே போனார்கள். அம்பு வரைந்தவர்கள் மட்டும் வேறு நல்ல கம்பெனிகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆளை அனுப்புவதற்கு ஒரு முறை இருந்தது. கம்ப்யூட்டரில் ஓர் அழைப்பு வரும். தலைப்பு: பத்து நிமிட உரையாடல். கீழே ஒரு சிரிக்கும் முகம். அனுப்பியவர் வித்யா என்று இருக்கும். அந்த உரையாடலில் வேலையை விட்டு அனுப்புகிறோம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உங்களை விடுவிக்கிறோம் என்பார்கள். இவ்வளவு நாளும் சிறையில் இருந்தோமா என்று ஒருவர் கேட்டாராம்.

ரோஹன் என்று ஓர் இளைஞர் இந்த மாற்றங்களுக்கெல்லாம் தலைவராக வந்தார். நல்ல பிள்ளைதான், எல்லோரிடமும் முதல் பெயரைச் சொல்லிக் கைகொடுப்பார். அவர் செய்த முதல் சீர்திருத்தம், யாருக்கும் சொந்த இருக்கை கிடையாது என்பது. காலையில் வந்ததும் செல்போனில் பார்த்து அன்றைக்கு எந்த நாற்காலி காலியோ அதில் உட்கார வேண்டும். இருக்கை நிரந்தரம் இல்லை என்று பழகிவிட்டால் மற்றதற்கும் மனசு பழகிவிடும் என்று நினைத்திருப்பார்கள். சேட்டின் தேக்கு நாற்காலியை அனுபவ மையத்தில் வைத்து, சுற்றிலும் கயிறு கட்டி, உட்காராதீர்கள் என்று பலகை மாட்டினார்கள்.

4

இந்தக் கதை நடக்கும்போது என் வீட்டு நிலவரத்தையும் சொல்ல வேண்டும்.

என் மகள் நிலா அப்போது பிளஸ் டூ. வீட்டுக்குள் என்னை அப்பா என்பாள், வாசலைத் தாண்டினால் அச்சன். மலையாளத்தில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்குவாள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், ஒரு பத்தி முடிவதற்குள் அவளுக்குப் பசி வந்துவிடும். நான் மட்டும் என்ன? ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றியவரிடம் "மதி, மதி" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் மதி யாரு என்று சுற்றிலும் தேடிக்கொண்டே ஊற்றினார். போதும் என்ற சொல் எனக்கு வரவே இல்லை. என் தம்பிக்கு அதைச் சொல்லிச் சிரிப்பதில் இன்றும் அலுக்கவில்லை.

இங்கே பாண்டி, அங்கே மலையாளத்தான். இப்படி இருக்கிற ஒருவனுக்கு வேலை போனால் எந்த ஊருக்குத் திரும்புவது? கோவில்பட்டி வீட்டின் மாடியில் தம்பி குடும்பம் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டியவனை மட்டாஞ்சேரியில் வேறு எந்தக் கம்பெனியும் சேர்த்துக்கொள்ளாது. நிலா கல்லூரிக்குப் போக வேண்டும். அந்த வேலை ஒன்றுதான் என்னை இந்த ஊரில் நிறுத்திவைத்திருந்தது. எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

5

போன வருடம் ஓணக் கொண்டாட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது வித்யா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். காயலைப் பார்த்த படிக்கட்டு, முன்பு படகில் மூட்டை ஏற்றிய இடம். அழைப்பு அனுப்பாமல் நேரில் கூப்பிட்டதே ஒரு மரியாதை என்று தோன்றியது.

"மணி அண்ணா, கோபப்படப்படாது. ஓணம் கழிஞ்சா லிஸ்ட்ல உங்க பேர் உண்டு" என்றாள்.

எதிர்பார்த்ததுதான். ஆனாலும் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் உட்கார்ந்தாள். ஒரு வழி இருக்கிறது என்று சொன்னாள்.

மாவேலி நாற்காலியில் உட்கார்ந்து ஒன்று கேட்கும் வழக்கத்தைப் பற்றி யாரோ ரோஹனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஊழியர்களின் குரலுக்குச் செவிசாய்க்கும் நிர்வாகம் என்று வீடியோ எடுக்கலாம். தலைமையகத்து டைரக்டரும் திரையில் வந்து பார்ப்பார். மாவேலி தன் வேலையைக் கேட்க வேண்டும், ரோஹன் கண் கலங்கித் தந்தேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், என் வேலை பிழைத்துவிடும்.

அப்படியானால் அனுப்ப வேண்டிய ஆட்களின் எண்ணிக்கையில் ஒன்று குறையுமே என்று கேட்டேன்.

வித்யா காயலைப் பார்த்தாள். "எண்ணிக்கை குறையாது அண்ணா. பதிலுக்கு வேற ஒருத்தர்."

"யாரும்மா?"

"அது கேக்கப்படாது" என்றவள், பிறகு அவளே சொல்லிவிட்டாள். "செல்வனாக்கும்."

செல்வன் எங்கள் பேக்கிங் பிரிவு மேற்பார்வையாளன். அவன் தாத்தா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்து முனிசிபல் குவார்ட்டர்ஸில் குடியேறிய குடும்பம். மட்டாஞ்சேரியைத் தவிர வேறு ஊர் தெரியாதவன். நான் இங்கே வந்து இறங்கியபோது எனக்கு வீடு பிடித்துக் கொடுத்ததும் அவன்தான், மீனில் நல்லது எது கெட்டது எது என்று சொல்லிக் கொடுத்ததும் அவன்தான்.

நாற்காலிக்கு அனுமதி கேட்டுப் போர்ட்டலில் டிக்கெட் போட்டிருக்கிறேன், பிராண்ட் பிரிவு ஒத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு வித்யா எழுந்து போனாள். மகாபலி உட்காருவதற்காகக் கொடுத்த அந்த விண்ணப்பத்துக்கு மறுநாள் பதில் வந்தது: உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டுவிட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? நாற்காலி கயிற்றுக்குள்ளேயே இருந்தது. கடைசியில் வாட்ச்மேன்தான் கயிற்றை அவிழ்த்தார்.

6

வீட்டில் மல்லிகாவிடம் பாதியை மட்டும் சொன்னேன். என் பேர் வந்துவிட்டது, கேட்டால் வேலை கிடைக்கும் என்ற பாதி.

"கேளுங்க. கேக்குறதுல என்ன குறைஞ்சா போச்சு?" என்றாள் உடனே. அவள் முகம் தெளிந்துவிட்டது. அந்தத் தெளிவைப் பார்த்த பிறகு மீதியைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சாப்பாடு முடியும்வரை இழுத்துவிட்டு, செல்வன் பெயரைச் சொன்னேன்.

மல்லிகா தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நிலா பிறந்தபோது ஊரிலிருந்து யாரும் வர முடியவில்லை. ஆஸ்பத்திரியில் மல்லிகாவுடன் இருந்தது செல்வன் மனைவிதான். மல்லிகா அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து, "அப்ப வேற ஏதாச்சும் கேளுங்க. உருப்படியா கேளுங்க" என்றாள்.  விளக்கை அணைத்த பிறகு அவள் தூங்கவில்லை.

கொண்டாட்டத்தன்று காலையில் எனக்குக் கிரீடம் வைத்துக் கட்டியது செல்வன். ஒவ்வொரு வருடமும் அவன்தான் கட்டுவான். கன்னத்தில் ரோஸ் பவுடரைத் தேய்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்:

"அண்ணாச்சி, உங்க பேரு உண்டுன்னு எல்லாருக்கும் அறியாம். நாணமெல்லாம் பாக்கண்டாம். இன்னைக்கு உங்க வேலைய கேளுங்க."

"ராஜா தனக்குக் கேக்கக் கூடாதுல்லடா. அதான முறை?"

"முறையெல்லாம் சேட்டோட போயாச்சு. எனக்கு இன்னும் வயசு உண்டு, நான் எங்கயும் பொழச்சுக்குவேன். நீங்க எங்க போவீங்க?"

பவுடர் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

7

வாசலில் பூக்களம் போட்டிருந்தார்கள். வழக்கமான வட்டம் இல்லை. செவ்வந்தியாலும் வாடாமல்லியாலும் கம்பெனி சின்னம், நடுவில் மேல்நோக்கிப் போகும் ஓர் அம்பு. முன்பெல்லாம் பிரிவுக்கு ஒரு பூக்களம் போட்டுப் போட்டி நடக்கும். இப்போது பிரிவுகளே மிச்சமில்லாததால் நிர்வாகம் போட்ட ஒரே பூக்களத்துக்கு முதல் பரிசு கிடைத்தது.

நான் குடையைப் பிடித்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போனேன். பாதி மேஜைகளில் ஆள் இல்லை. பழக்கத்தில் இரண்டு மூன்று காலி மேஜைகளுக்கும் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

ரோஹன் ஜரிகைக் கரை போட்ட கசவு வேட்டி கட்டி, அது அவிழ்ந்துவிடாமல் மேலே பெல்ட் போட்டிருந்தார். திரையில் டைரக்டர் தெரிந்தார். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. தேக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். பிரம்பு கொஞ்சம் தொய்ந்திருந்தது, ஆனாலும் பழகிய நாற்காலி. ரோஹன் கைகூப்பி நின்றார். தந்தேன் என்பதற்கான மலையாளச் சொல்லைப் பாவம் காலையிலிருந்து மனப்பாடம் செய்திருக்கிறார், உதடு ஏற்கெனவே அசைந்துகொண்டிருந்தது.

அந்த நிமிடம்வரை எனக்கே தெரியாது என்ன கேட்கப் போகிறேன் என்று. என் வேலை நாக்கு நுனியில் இருந்தது. ஒரு வாக்கியம்தான். சொல்லிவிட்டால் மல்லிகா தூங்குவாள், நிலா படிப்பாள். பின்னால் செல்வன் நின்று, கேளுங்க கேளுங்க என்று எனக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தான். அந்தத் தலையாட்டலைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்க முடியவில்லை.

மலையாளத்தில் கேட்டேன். அடுத்த வருடம் நாம் என்ன விற்கப் போகிறோம்? யாருக்கு விற்கப் போகிறோம்? என் மக்களுக்குப் புரிகிற மாதிரி ஒரே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். மாவேலிக்கு இது போதும்.

"தந்தேன்" என்றார் ரோஹன், கண்கள் கலங்க.

கைதட்டல் வரவில்லை. அவர் வித்யாவைப் பார்த்தார். வித்யா நினைத்திருந்தால் அதை வேறு மாதிரி மாற்றிச் சொல்லியிருக்கலாம். ராஜா எல்லோரையும் வாழ்த்துகிறார் என்று சொல்லியிருந்தால்கூட நான் மறுத்திருக்க மாட்டேன். அவள் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். 

ரோஹன் அருமையான கேள்வி என்றார். நாம் ஒரு பயணத்தில் இருக்கிறோம் என்றார். தெளிவை நோக்கிய பயணம் என்றார். வாசலில் இருக்கும் அம்பைக் கையால் காட்டினார். ஒரே வாக்கியம்தான், ஆனால் முடியவே இல்லை. மிளகு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நாங்கள் எல்லோரும் கைதட்டியிருப்போம். திரையில் இருந்த டைரக்டர், இதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்றார். பிறகு நெட்வொர்க் போய்விட்டது என்று சொன்னார்கள், திரை இருண்டது.

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. கடைசியில் எல்லோரும் சிரித்தோம். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு அந்தக் கட்டிடத்துக்குள் ஒரே விஷயத்துக்கு எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். பாயசம் நன்றாக இருந்தது.

8

ஓணம் கழிந்த திங்கட்கிழமை எனக்குப் பத்து நிமிட உரையாடல் வந்தது. நான்கு நிமிடத்தில் விடுவித்துவிட்டார்கள்.

வீரக்கதை எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அடுத்த மாதமே செல்வனுக்கும் அதே அழைப்பு போனது, அதே சிரிக்கும் முகத்தோடு. எண்ணிக்கை மாறிவிட்டதாம். நான் கேட்டிருந்தாலும் அவன் போயிருப்பான், கேட்காமலும் போனான். அதை அறிந்த அன்று எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் அச்சிட மாட்டீர்கள். இப்போது அவன் கும்பளங்கியில் ஒரு தங்கும் விடுதியில் வேலை பார்க்கிறான். சுற்றுலாப் பயணிகளுக்குச் சீனவலையை இழுத்துக் காட்ட வேண்டும். மீன் விழுந்தாலும் சம்பளம், விழாவிட்டாலும் சம்பளம், நம்ம பழைய கம்பெனி மாதிரிதான் அண்ணாச்சி என்கிறான்.

ரோஹன் பெங்களூரில் இன்னும் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார். போகும்முன் கிரீடத்தோடு நான் இருக்கும் படத்தை இணையத்தில் போட்டு, செவிசாய்த்தல் பற்றி ஒரு ராஜாவிடம் நான் கற்றது என்று எழுதியிருந்தார். ஏராளமான கைதட்டல்கள். நிலாதான் காட்டினாள்.

நான் பஜார் ரோட்டில் மிச்சமிருக்கும் சின்ன வியாபாரிகளுக்கு ஏற்றுமதிக் காகிதங்கள் எழுதிக் கொடுக்கிறேன். சில மாதம் வேலை இருக்கும், சில மாதம் இருக்காது. நிலா கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். காலையில் வைட்டிலா போய் பஸ் மாறிப் போகிறாள். மல்லிகா ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்க்கிறாள். ஊருக்குத் திரும்பிப் போவது பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை, தங்கிவிடுவது பற்றியும் பேசுவதில்லை. தொப்பை மட்டும் பாதியாகிவிட்டது. மாவேலியாக வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள் என்றதும் நிலா, "தலைகாணி வெச்சுக் கட்டலாம் அப்பா, ஆருக்கும் மனசிலாகாது" என்றாள்.

போகக் கூடாது என்றுதான் முடிவு செய்திருந்தேன். இந்தக் குறிப்பை அந்த முடிவோடுதான் எழுத ஆரம்பித்தேன். நேற்று சாயங்காலம் வித்யா மறுபடி கூப்பிட்டாள். வெண்டர் பதிவைப் பற்றித்தான் என்று நினைத்து எடுத்தேன்.  பின்னால் பஸ் சத்தம் கேட்டது, ஆபீஸுக்கு வெளியே எங்கேயோ நின்று பேசுகிறாள்.

"மணி அண்ணா, ஓணம் கழிஞ்சா என் பேரும் உண்டு" என்றாள். "எனக்கும் அந்த இன்வைட் வந்துடுத்து. நான் எழுதிவெச்ச அதே வாசகம் அண்ணா. அந்தச் சிரிக்கற மூஞ்சிகூட நான் போட்டதுதான்."

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பாய் என்று கேட்க வாய்வரை வந்தது. செல்வனுக்கு அனுப்பியதும் நீதானே என்று கேட்க வந்தது.

"அன்னைக்கு நீங்க கேட்டதை நான் மாத்திச் சொல்லலை அண்ணா" என்றாள் அவளே. "அதுக்குக் கைமாறா இதைக் கேக்கலை. என்னவோ தோணித்து. புது ஹெட் வந்திருக்கார், வீடியோ எடுக்கறதா இருக்கார். நீங்க நாற்காலியில உக்காந்து எனக்காக ஒண்ணு கேப்பேளா?"

மல்லிகா சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் யார், என்ன என்று அவளுக்கு விளங்கிவிட்டது. வேண்டாம் என்று சொல்வாளோ என்று பார்த்தேன். அவள் சொல்லவில்லை.

"கேக்குறேம்மா" என்றேன். "எனக்குக் கேக்கத்தான் முறை கிடையாது. உனக்குக் கேக்கலாம். அந்த நாற்காலிக்கு மட்டும் இப்பவே டிக்கெட் போட்டு வெச்சிரு."



"நாற்காலி இல்லை அண்ணா. போன மாசம் அதை ஒரு ஹோட்டல்காராளுக்கு வித்துட்டா."

அடுத்த வருடம் என்ன விற்கப் போகிறோம் என்று கேட்டேனே, அதற்கு ஒரு வழியாகப் பதில் வந்துவிட்டது.

"பரவாயில்ல. நின்னுக்கிட்டே கேக்குறேன்" என்றேன்.